ஆளைக் குடுத்துட்டேன், துப்பாக்கியைக் குடுங்க

கருங்குளத்துப்பட்டி,
திருமயம் தாலுகா.
மார்கழி, 1962.

வெலிங்டன் மலையில் குளிரில் நின்று கவாத்துப் பழகும் என் மகன் சிரஞ்சீவி ரத்தினவேலுக்கு, கருங்குளத்துப்பட்டியில் வெயிலில் நின்று கவாத்துப் பழக்கும் உன் அப்பா அய்யாக்கண்ணு அநேக ஆசீர்வாதங்களோடு எழுதுவது. இங்கு நான், உன் ஆத்தா இருளாயி, வெள்ளைப் பசு, நீ வாங்கி வராத உழவுமாட்டுக்குப் பதிலாக இரவல் வாங்கிக் கட்டியிருக்கும் மாடு எல்லோரும் சௌக்கியம். அங்கு நீயும் உனக்கு மேல் இருக்கிற அதிகாரிகளும் அவர்களுக்கு மேல் இருக்கிற அதிகாரிகளும் சௌக்கியமாக இருக்க அய்யனாரைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

இந்த ஏழெட்டு மாதத்தில் நான் உனக்குக் கைப்பட எழுதும் முதல் கடிதம் இதுதான். காரணம் உனக்கே தெரியும். வைகாசியில் மணப்பாறைச் சந்தைக்குப் போய் ஒற்றை மாட்டுக்கு ஜோடி பிடித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் நீ. மாடு வரவில்லை, திருச்சியில் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டேன் என்று போஸ்ட்கார்டு வந்தது. பட்டாளத்தில் இருந்தவன் மகன் பட்டாளத்துக்குப் போவதில் எனக்கு வருத்தம் இல்லை, சொல்லாமல் போனதில்தான் வருத்தம். அதனால் உன் ஆத்தா பள்ளிக்கூடத்து வாத்தியாரை வைத்து உனக்குப் பதில் எழுதும்போதெல்லாம் நான் பக்கத்தில் கோபமாக உட்கார்ந்து ஒரு வரி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது உன் பெயர் புதுக்கோட்டை சப் கலெக்டர் வரைக்கும் போய்விட்டது. அது எப்படிப் போனது என்று வேறு யார் மூலமாகவாவது நீ கேள்விப்பட்டு மிரண்டுவிடக் கூடாது என்பதற்காகக் கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதுகிறேன்.

சீனாக்காரன் சண்டைக்கு வந்தது பட்டாளத்தில் இருக்கும் உனக்குத் தெரிந்திருக்கும். எமர்ஜென்சி வந்தது எங்களுக்குத் தமுக்கு அடித்துச் சொன்ன பிறகுதான் தெரியும். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் துப்பாக்கியையும் லைசென்சையும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து காட்ட வேண்டும் என்று அறிவிப்பு. நம் ஊரில் லைசென்ஸ் இரண்டே பேருக்கு. ஒன்று, கடலைக் கொல்லையில் பன்றி விரட்டுவதற்காக எனக்குப் புதுக்கோட்டை மகாராஜா தர்பார் காலத்தில் கொடுத்தது. இன்னொன்று மேலவீட்டு ஆண்டியப்பனுடையது. அவன் இன்றுவரைக்கும் சுட்டது ஒரு பனைமரத்தை, அதுவும் பன்றி என்று நினைத்து. இருவரும் பஸ் ஏறப் போனோம். கண்டக்டர், துப்பாக்கி உள்ளே வரக் கூடாது, வாழைத்தாரோடு மேலே போடுங்கள் என்றார். சமஸ்தானப் பட்டாளத்தில் இருந்தவன் நான், துப்பாக்கியை வாழைத்தாரோடு போட மாட்டேன் என்றேன். "அப்படின்னா நீங்களும் மேல ஏறிக்குங்க" என்றார். ஏறிக்கொண்டோம்.

ஸ்டேஷன் வாசலில் பந்தல், மைக், மேஜை. நாங்கள் போன அதே நாளில் அங்கே தேசப் பாதுகாப்பு நிதிக்குக் கூட்டம். பெண்கள் வரிசையாக வந்து வளையலும் மூக்குத்தியும் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், பார்க்கவே மனசு இளகியது. சப் இன்ஸ்பெக்டர், இந்த ஊருக்குப் புதிதாக வந்த மனிதர், மணமேல்குடிப் பக்கத்துக்காரர், அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து, "குடுங்கய்யா, பாத்துட்டுத் தாரேன்" என்று இரண்டு துப்பாக்கியையும் வாங்கி ஒரு கான்ஸ்டபிளிடம் கொடுக்க, கான்ஸ்டபிள் வைக்க இடம் தேடி வளையல் மேஜையில் வைக்க, யூனியன் சேர்மன் அதைப் பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்து, இதோ கருங்குளத்துப்பட்டி வீரர்கள் தங்கள் துப்பாக்கியையே தேசத்துக்குத் தந்துவிட்டார்கள் என்று சொல்லி இரண்டுக்கும் மாலை போட்டுவிட்டார். ஜனங்கள் கை தட்டினார்கள். அந்தக் கை தட்டலுக்கு நடுவில் ஆண்டியப்பன் என் காதில், "மாமா, என் துப்பாக்கியில மருந்து கெட்டிச்சது அப்படியே இருக்கு" என்றான். சேர்மனோ அதைத்தான் இரண்டு கையாலும் தூக்கி ஜனங்கள் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பதறி மேடைக்கு அருகில் போய், "அய்யா, அதுல மருந்து இருக்குங்க" என்றேன். சேர்மன் அதை மைக்கில் வாங்கிக்கொண்டார். "பெரியவர் சொல்கிறார், மருந்து இருக்கிறதாம். ஆமாம், சீனாக்காரனுக்குக் கொடுக்க நம்மிடம் மருந்து இருக்கிறது" என்றார். முன்னைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வேறு என்ன செய்ய?

கூட்டம் கலைந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் சுற்றுப்பட்டுக் கிராமத்துத் துப்பாக்கிகளும் எங்களைப் பார்த்து மேஜைக்கு வந்து, மாலை வாங்கி, எல்லாம் ஸ்டேஷன் லாக்கப்பில் போய்விட்டன. லாக்கப் நிறைந்துவிட்டது. அதில் ஏற்கெனவே இருந்த ஆட்டுத் திருடன் ஒருவனை வெளியே கொண்டுவந்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள். மருந்து கெட்டித்த துப்பாக்கி எது என்று தெரியாததால் அந்தப் பக்கம் போய்ப் பெருக்கக்கூட யாருக்கும் தைரியம் இல்லை. சப் இன்ஸ்பெக்டரிடம் போய், சும்மா காட்டத்தானே கொண்டுவந்தோம் என்றேன். "பேப்பர்ல போடச் சொல்லியாச்சுய்யா. குடுத்ததைத் திருப்பிக் கேக்குறது நல்லாவா இருக்கு" என்றார்.

துப்பாக்கி போனது பன்றிகளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. கார்த்திகையில் கடலை வெட்டும் பக்குவத்துக்கு வந்திருந்தது. பொழுது சாயும் நேரம் பார்த்துக் காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கின. உன் ஆத்தா மண்ணெண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு கொல்லையைச் சுற்றிச் சுற்றித் தட்டினாள். முதலில் ஓடின. பிறகு டின் சத்தம் பழகி, அவள் மேற்கே தட்டினால் கிழக்கே தின்றன. மேலக்கொல்லை முழுவதையும் கிளறிப் போட்டுவிட்டன. நீ விதைக்கும்போது இல்லை, அதனால் அந்தக் கொல்லை எப்படி விளைந்து கிடந்தது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் ஆத்தா வரப்பில் உட்கார்ந்து கிளறிய மண்ணில் மிச்சக் கடலையைப் பொறுக்கிக்கொண்டே, "வீட்டுல ஆம்பளப் பிள்ளையும் இல்ல, துப்பாக்கியும் இல்ல" என்றாள். நான் ஒருவன் இருக்கிறேனே என்று சொல்ல நினைத்து, சொல்லாமல், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

"அய்யா, துப்பாக்கியக் குடுங்க. பன்னி அழிக்குது" என்றேன். சப் இன்ஸ்பெக்டர் அன்றைக்கு ஏதோ கவலையில் இருந்தார். "ஏன்யா, எமர்ஜென்சின்னா என்னன்னு தெரியுமா? அரசாங்கம் எதை வேணும்னாலும் எடுக்கலாம். வண்டிய எடுக்கலாம், மாட்டை எடுக்கலாம், வீட்டை எடுக்கலாம், ஆளை எடுக்கலாம்."

"ஆளை எடுத்தாச்சுங்களே" என்றேன்.

"என்ன?"

"என் மகன் வெலிங்டன்ல இருக்கான். ஒரே மகன். ஆளைக் குடுத்துட்டேன், துப்பாக்கியையாவது குடுங்க."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க சமஸ்தானப் பட்டாளமா? ஊர்க்காவலுக்கு ஆள் சேக்கச் சொல்லி உத்தரவு. நீங்கதான் கவாத்துப் பழக்கணும். திங்கக்கிழமை வாங்க" என்றார். துப்பாக்கி கேட்கப் போனவன் வேலையோடு திரும்பினேன். உன் ஆத்தா கதவைத் திறந்ததும் என் கையைத்தான் பார்த்தாள். கவாத்துக்கு ஊதும் ஊதல் ஒன்று இருந்தது.

இப்படியாகச் சுற்றுவட்டாரத்து வாலிபர்களுக்கு நான் கவாத்துப் பழக்கத் தொடங்கினேன். துப்பாக்கி எல்லாம் லாக்கப்பில் இருப்பதால் உலக்கை, கவைக்கம்பு, ஒரு மண்வெட்டிக் காம்பு. ஆண்டியப்பனுக்கு இடது வலது தெரியவில்லை. ஒரு காலில் வைக்கோலும் ஒரு காலில் ஓலையும் கட்டிவிட்டேன், இப்போது வைக்கோல் கால், ஓலைக் கால் என்றால் சரியாக எடுத்துவைக்கிறான். இதைப் படித்துவிட்டு உன் அதிகாரிகளிடம் நீ ஏதும் சொல்லாதே, அவர்கள் முறை வேறாக இருக்கும். பசங்கள் ஆர்வமாகத்தான் வந்தார்கள். வந்த இடத்தில் வந்தது பிரமாணம்.

ஒரு நாள் சப் இன்ஸ்பெக்டர் தன் கைப்படத் தயாரித்த காகிதத்தோடு வந்து, எல்லோரும் கையை நீட்டி நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றார். "மேலதிகாரி இடும் எந்த உத்தரவையும் ஏன் என்று கேட்காமல் நிறைவேற்றுவேன்" என்று தொடங்கினார். மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு நாக்கு வரவில்லை. அதற்கு முதல் நாள்தான் உன் கடிதம் வந்திருந்தது. தைக் கடைசியில் நீங்கள் எடுக்கப் போகும் பிரமாணத்தை நீ தமிழில் எழுதியிருந்தாயே, அதை வாத்தியார் படித்தபோது நான் இரண்டாம் முறை படிக்கச் சொன்னேன். சட்டப்படி அமைந்த இந்திய அரசியல் சட்டத்துக்கு உண்மையாக இருப்பேன் என்பது முதலில் வருகிறது. தரையிலும் கடலிலும் ஆகாயத்திலும் போகச் சொன்ன இடத்துக்குப் போவேன், உயிருக்கு ஆபத்து வந்தாலும் உத்தரவுக்குக் கீழ்ப்படிவேன் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிறது. உன் வயதில் நான் மகாராஜாவுக்குச் சத்தியம் செய்தேன். சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்தபோது எங்களை வரிசையில் நிறுத்தி, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். செய்த சத்தியத்தை என்ன செய்வது என்று நான் கேட்டேன். "அதுவும் சேந்துருச்சுய்யா, போ" என்றார் எங்கள் அதிகாரி. இத்தனை வருஷமாக அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை. உன் கடிதத்தைக் கேட்டபோது விளங்கியது. ஆளுக்குச் செய்த சத்தியம் ஆள் போனால் அந்தரத்தில் நிற்கும். சட்டத்துக்குச் செய்தால் அதிகாரி மாறினாலும் நிற்க ஓர் இடம் இருக்கிறது.

இதையெல்லாம் நான் அங்கே அழகாகச் சொல்லவில்லை. "அய்யா, என் மகன் பட்டாளத்துல எடுக்குற பிரமாணத்துல சட்டம் முன்னால வருது, அதிகாரி பின்னால வாராரு. இதுல சட்டத்தையே காணோம்" என்றுதான் சொன்னேன். ஆண்டியப்பன் உடனே நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும். சப் இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்தது.

"யுத்த நேரத்துல ஆளுகளைக் கலைக்கிறீங்களா? பாதுகாப்புச் சட்டத்துல உள்ள வச்சிருவேன்."

"எங்கிட்டு வைப்பீங்க? உள்ள துப்பாக்கியில்ல இருக்கு" என்று ஆண்டியப்பன் சந்தேகமாகத்தான் கேட்டான். ஆனால் பசங்கள் சிரித்துவிட்டார்கள். அதோடு விஷயம் பெரிதாகிவிட்டது. மறுநாள் காலை என்னைப் புதுக்கோட்டைக்குச் சப் கலெக்டரிடம் அழைத்துப் போவதாக உத்தரவு. உன் ஆத்தா சோறு கட்டிக் கொடுத்தாள். எத்தனை வேளைக்குக் கட்டுவது என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

பஸ்ஸில் சப் இன்ஸ்பெக்டர் தானே கூட வந்தார், ஒரே சீட்டு. பாதி வழி வந்ததும் நான் கட்டுச்சோற்றைப் பிரித்து, சாப்பிடுங்க என்றேன். வேண்டாம் என்றார். பிறகு சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, "எந்தம்பி பட்டாளத்துல, சீனா எல்லையில நேபாப் பக்கம் இருந்தான். சண்டை நின்ன பிறகும் கடுதாசி இல்ல. எங்க ஆத்தா தெனம் தபால்காரரப் பாத்துக்கிட்டு வாசல்ல நிக்கிதாம். நான் இங்க உக்காந்து ஆட்டுத் திருடனைப் பிடிச்சிக்கிட்டு இருக்கேன். ஏதாவது செய்யணும்ல" என்றார். அவருக்குத் தெரிந்த ஏதாவது எங்கள் துப்பாக்கிகள். அதற்குப் பிறகு எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, என் துப்பாக்கி வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

சப் கலெக்டர் உன்னைவிட நாலைந்து வயசுதான் கூட இருப்பார். உட்காருங்கள் என்றார், எனக்குப் பாதி பயம் அதிலேயே போய்விட்டது. எல்லாவற்றையும் கேட்டார்.

"பெரியவரே, துப்பாக்கியத் தேசத்துக்குக் குடுத்தீங்களா, இல்லையா?"

"கேட்டிருந்தாக் குடுத்திருப்பேங்க. யாரும் கேக்கல. மாலையப் போட்டாக, கையத் தட்டினாக, பூட்டிப்புட்டாக."

"இப்ப நான் கேட்டா?"

"கடலை வெட்டி முடியட்டும், அப்பக் கேளுங்க. பன்னிக்கு எமர்ஜென்சி தெரியாதுங்க."

அவர் சிரிக்கவில்லை. சுற்றறிக்கையை எடுத்துவரச் சொல்லிப் படித்தார். "சரிபார்த்து அறிக்கை அனுப்பவும்னுதான் இருக்கு. வாங்கி வைக்கவும்னு இல்லையே" என்றார். சப் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று, எமர்ஜென்சி என்பதால் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டேன் என்றார். "எமர்ஜென்சிங்கறதாலதான் கொஞ்சங்கூட கூடுதலா எடுக்கக் கூடாது. மத்த நாள்ல தப்புப் பண்ணினா யாராவது கேப்பாங்க. இப்ப, நமக்கே பயந்துக்கிட்டுக் கேக்க மாட்டாங்க. நாம எடுக்குறது எதுவானாலும் எழுத்துல இருக்கணும், கீழ ஒருத்தர் கையெழுத்து இருக்கணும்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பிறகு என்னைப் பார்த்து உன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். "நானும் அதே சட்டத்து மேலதான் பிரமாணம் எடுத்தேன். அப்பாகிட்ட அதை எழுதி அனுப்புன ஆளு பேரு தெரிஞ்சுக்கலாம்னுதான்" என்றார். உன் பெயர் சப் கலெக்டர் வரைக்கும் போனது இப்படித்தான். நீ மிரள வேண்டாம். நான் மட்டும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன், இந்த முறை உள்ளே.

துப்பாக்கிகள் வந்துவிட்டன. ஆண்டியப்பன் துப்பாக்கியை நானே திடலுக்குக் கொண்டுபோய் வானத்தைப் பார்த்துச் சுட்டுக் காலி செய்தேன். ஆட்டுத் திருடன் மறுபடியும் உள்ளே போனான், வேப்பமரக் காற்று போய்விட்டதே என்று அவனுக்குக் குறை. கடலையில் பாதி போய்விட்டது, மீதிப் பாதியை ஊர்க்காவல் படையே முறை வைத்துக் காவல் காத்து வெட்டிக் கொடுத்தது. எங்கள் படையின் முதல் யுத்தம் அதுதான், எதிரி பின்வாங்கிக் காட்டுக்குப் போய்விட்டது. சப் இன்ஸ்பெக்டர் ஒரு சாயங்காலம் சைக்கிளில் வந்து வரப்பில் நின்று, அவித்த கடலையை மென்றுகொண்டே, தம்பியிடமிருந்து கார்டு வந்துவிட்டது என்றார். காலில் காயமாம், அஸ்ஸாம் ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம், உயிரோடு இருக்கிறானாம். உன் ஆத்தா அவர் மடி நிறையக் கடலை கொட்டினாள். போலீஸ் சட்டையில் மடி இல்லாததால் தொப்பியில் வாங்கிக்கொண்டார்.

போன வாரம் புதிதாகப் பிரமாணம் எடுத்தோம். "சட்டப்படி" என்ற வார்த்தையைச் சப் இன்ஸ்பெக்டர் தன் கையாலேயே முதல் வரியில் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். ஆண்டியப்பன், மாமியார் வீட்டு விசேஷம் தவிர என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டான், முடியாது என்று சொல்லப்பட்டது. நான் கையை நீட்டிச் சொன்னேன். சொல்லும்போது நாக்கு தடுமாறவில்லை. தை மாதம் நீ அங்கே பனியில் நின்று சொல்லும்போது தனியாகச் சொல்வதாக நினைக்காதே. உனக்கு முன்னால் ஒருவன் இங்கே சொல்லிவிட்டான்.

ஆகவே நான் உனக்குச் சொல்வது இதுதான். பிரமாணம் எடுக்கும்வரை லீவு என்று யாரிடமும் போய் நிற்காதே. பொங்கலுக்கு நீ வர வேண்டும் என்று உன் ஆத்தாவுக்கு ஆசை. தேசம் முதலில், பொங்கல் பிறகு என்று எடுத்துச் சொல்லிவிட்டேன், அவளும் ஒன்றும் பேசவில்லை. லீவுக்காகப் பொய்க் காரணம் சொல்கிற பையன்கள் இருப்பார்கள், அவர்களோடு சேராதே. நியாயமான உத்தரவுக்குக் கீழ்ப்படி. நியாயமில்லாத உத்தரவு வந்தால் மரியாதையாகக் கேள். காலில் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள். உன் அதிகாரிகளுக்கு என் வணக்கத்தைச் சொல். அய்யனார் உனக்கு நல்ல உடம்பும், நல்ல மனசும், உன் கீழ் வேலை செய்பவர்கள் பயமில்லாமல் கேள்வி கேட்கும்படியான பெரிய பதவியும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீர்ந்த உன் அப்பா,
அய்யாக்கண்ணு.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதை உன் ஆத்தாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். கடைசிவரைக்கும் அமைதியாகக் கேட்டுவிட்டு, "நான் ஒரு தந்தி அடிச்சிட்டேனே" என்றாள். வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு அரிமளம் தபாலாபீசுக்குப் போய், எனக்கு உடம்பு மோசம் என்று உன் பெரிய அதிகாரிக்கே அடித்திருக்கிறாள். எவ்வளவு மோசம் என்று கேட்டேன். "பொங்கல் வரைக்கும் தாங்காதுன்னு போடச் சொன்னேன்" என்றாள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நீ அழாதே. அதிகாரி கேட்டால் பொய் சொல்லாதே, இந்தக் கடிதத்தையே காட்டு, சாகக் கிடக்கிறவன் இவ்வளவு நீளமாக எழுத மாட்டான் என்று அவருக்கே தெரியும். ஆனால் இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் அவர் லீவு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார் என்றால், அது எழுத்தில் உள்ள உத்தரவு, கீழே ஒருவர் கையெழுத்தும் இருக்கிறது. அதை மீறக் கூடாது. பிரமாணத்துக்குள் திரும்பிப் போய்விடலாம். எந்த ரயில் என்று மட்டும் உடனே எழுது, புதுக்கோட்டை ஸ்டேஷனுக்கு வண்டி கட்டிக்கொண்டு நானே வாரேன்.